கால் வலிக்கவில்லை என்கிறீர்களா? அப்படியானால் சோதித்துப் பாருங்கள்!

கள்ளந்திரியைத் தாண்டி, மேலூர் போகும் பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடும் விவசாயி அவர். வயது 58. சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறார், நினைவு வந்தபோது. "சர்க்கரை இருக்கே தவிர, மத்தவங்க மாதிரி கால் வலி, குடைச்சல் எதுவும் எனக்குக் கிடையாது" என்று ஊரில் சொல்லிக்கொள்வது வழக்கம்.

தை அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம். வயலிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்ற முயன்றிருக்கிறார். வலது கால் செருப்பு வரவில்லை. ஏதோ சேறு ஒட்டியிருக்கிறது என்று உதறிக் கழற்றிப்போட்டு, உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரம்மாதான் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் வரிசையாக ரத்தத் தடம்.

"ஏங்க, கால்ல என்ன ரத்தம்?"

காலைத் தூக்கிப் பார்த்தால், சீமைக்கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறி முறிந்திருந்தது. எங்கே குத்தியது, எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த முள்ளோடுதான் வரப்பு வழியாக வீடு வரை நடந்து வந்திருக்கிறார்.

முள்ளைப் பிடுங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார்கள். வலிக்காததால் அவரும் மறந்துபோனார். ஒன்பதாம் நாள் பாதம் வீங்கி வாடை வந்தது. பிறகு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது.

வலி இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னாரே, அதுதான் அவருக்கு இருந்த நோய்.

கடைமடைதான் முதலில் காயும்

பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம். அணையில் தண்ணீர் குறைந்தால் முதலில் யாருக்குச் சிக்கல் என்று இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் நிற்கும்போதே கடைமடையில் பயிர் சுருளும்.

உடம்பிலும் அப்படித்தான். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை போகும் நரம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உடம்பிலேயே நீளமான நரம்புகள் இவைதான். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இரண்டு கேடு நடக்கிறது. ஒன்று, நரம்பு இழை நேரடியாகவே பாதிக்கப்படுகிறது. இன்னொன்று, நரம்புக்கு உணவு கொண்டுபோகும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகின்றன. கடைமடையாக இருக்கும் கால் விரல்களில்தான் முதலில் உணர்ச்சி குறையும். பிறகு பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று மேலே ஏறும். காலுறை போட்ட அளவுக்கு மரத்துப்போகும். கை விரல்களுக்கு வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

சிலருக்கு இது எரிச்சலாக, ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போலத் தெரியும். ராத்திரியில் கூடும். போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாது. அவர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் மருத்துவரிடம் போய்விடுவார்கள். ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரைக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாமலேயே இருக்கலாம் என்கிறது மருத்துவம். இந்தப் பாதிப்பேரைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. யாராவது அவர்களுடைய காலைத் தொட்டுச் சோதிக்க வேண்டும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவிகிதம். ஏழு பேரில் ஒருவர். கிராமத்தில் ஒரு டீக்கடை பெஞ்சை நிறைத்து ஆள் உட்கார்ந்தால் அதில் ஒருவர் இருப்பார்.

வேலூரில் தொடங்கிய பாடம்

உணர்ச்சி போன கால் எப்படி அழிகிறது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கூடவே இருந்து கவனித்தார். நோயாளி சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடிக்கிறார். கொப்புளம் வருவது தெரியவில்லை. புண்ணான பாதத்தோடு நொண்டாமல் நடக்கிறார். ராத்திரியில் எலி விரலைக் கடிக்கிறது, தூக்கம் கலையவில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சதை தானாக அழுகவில்லை. வலி என்கிற காவல்காரன் இல்லாததால் தினமும் அடிபட்டு அழிந்தது.

1966-ல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணும் இதே கதைதான் என்பதை அங்கே எடுத்துச் சொன்னார். அந்தக் கார்வில் மருத்துவமனையில்தான் பிர்க், சிம்ஸ் என்ற இருவர் 1986-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தினால், 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அந்த 10 கிராமை உணர முடியாத கால், புண் வராமல் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத கால் என்று காட்டினார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் பயன்படும் சோதனை அதுதான்.

தூண்டில் போடுகிறவர்கள் இப்படிப்பட்ட நைலான் இழையை 'நரம்பு' என்றே சொல்வார்கள். நரம்பைச் சோதிக்க ஒரு நரம்பு! அதற்காகக் கடையில் தூண்டில் நரம்பு வாங்கிச் சோதித்துவிடக் கூடாது. கனம் மாறினால் அழுத்தமும் மாறிவிடும். மருத்துவமனையில் இருப்பது அளவெடுத்துச் செய்தது. நெல்லுக்குத் தழைச்சத்து போதுமா என்று பார்க்க இலை வண்ண அட்டை வைத்திருக்கிறோம். ஆய்வுக்கூடம் செய்யும் வேலையை அந்த அட்டை வரப்பிலேயே செய்துவிடுகிறது. இந்த இழையும் அந்த வகைக் கருவிதான். கரண்ட் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

சோதனை எப்படி நடக்கும்?

முதலில் இழையைக் கையில் தொட்டுக் காட்டுவார்கள், அது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு கண்ணை மூடச் சொல்வார்கள். கட்டை விரல், பிறகு பாதத்தின் முன்பகுதியில் விரல்கள் தொடங்கும் மேட்டில் மூன்று இடங்கள் என ஒவ்வொரு காலிலும் குறைந்தது நான்கு இடங்களில் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தி எடுப்பார்கள். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். காய்ப்புக் காய்த்த இடத்தில் வைக்கக் கூடாது. அங்கே நல்ல நரம்பு உள்ளவருக்கும் தெரியாது. வெறும் காலில் உழைக்கும் நம் விவசாயிகளுக்குப் பாதம் முழுக்கக் காய்ப்புதான் என்பதால், சோதிப்பவர் இடம் பார்த்து வைப்பது முக்கியம்.

இதோடு இன்னும் ஒரு சோதனை சேர்த்துச் செய்வது நல்லது. நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கட்டை விரல் எலும்பின் மேல் வைப்பார்கள். அதிர்வு தெரிகிறதா, எப்போது நின்றது என்று கேட்பார்கள். சில மருத்துவமனைகளில் பயோதிசியோமீட்டர் என்ற கருவி இருக்கும். அதிர்வை மெல்ல மெல்லக் கூட்டி, எத்தனை வோல்ட்டில் தெரிகிறது என்று எண்ணாகவே காட்டும். 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் புண் வரும் ஆபத்து அதிகம். கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, சூடு குளிர்ச்சி தெரிகிறதா என்று பார்ப்பது, பாதத்தின் மேல்பக்கம் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் இதில் சேர்ந்தவை. நாடி பார்ப்பது ரத்த ஓட்டத்துக்காக. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அவசியம். உணர்ச்சியும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை என்றால் சின்னப் புண்கூட ஆறாது.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், அதாவது நடுவயதில் வரும் வழக்கமான சர்க்கரை நோய் என்றால், நோய் தெரிந்த அன்றைக்கே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை செய்ய வேண்டும். நோய் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம். அறுவை சிகிச்சைக்காகவோ கண்ணாடி போடவோ போன இடத்தில் தற்செயலாகச் சர்க்கரை தெரியவரும்; அதற்குள் அது உள்ளே சில வருடங்கள் இருந்திருக்கும்.

வீட்டிலேயே ஆறு தொடுதல்

மருத்துவமனைக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். 2011-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனை மருத்துவர்கள் விரலால் தொட்டே பார்க்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். மனைவி, மகன், பேத்தி யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சோதிக்கப்படுபவர் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் இரண்டு கால்களையும் தொட்டு 'இது வலது, இது இடது' என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஆள்காட்டி விரல் நுனியால், இறகு படுவது போல ஒன்றிரண்டு நொடி மட்டும் கால் விரல் நுனியைத் தொடுங்கள். வலது கட்டை விரல், வலது சுண்டு விரல், இடது கட்டை விரல், இடது சுண்டு விரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசை. தொட்டதும் அவர் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டக் கூடாது, அழுத்தக் கூடாது, கிள்ளக் கூடாது. தெரியவில்லை என்றால் அதே விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. பாசத்தில் "இப்ப தெரியுதாப்பா?" என்று கேட்டு உதவி செய்துவிடுவார்கள் பிள்ளைகள். அது சோதனையைக் கெடுத்துவிடும்.

ஆறும் தெரிந்தால் மகிழ்ச்சி. அதற்காக வருடாந்திரச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

கண்ணால் பார்த்தே சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு கெட்டால் பாதம் காய்ந்து, குதிகால் வெடிக்கும். பித்தவெடிப்பு என்று நாம் விட்டுவிடும் எல்லாமே பித்தவெடிப்பாக இருப்பதில்லை. பாதத்தின் சிறு தசைகள் சோர்ந்தால் விரல்கள் கொக்கி போல மடங்கும். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோனது தெரியாமல் வீடு வருகிறவர், கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறவர், இருட்டில் வரப்பில் நடக்கத் தடுமாறுகிறவர் இவர்களெல்லாம் காலைக் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, ஆனால் அவ்வளவாக வலிக்கவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

'எனக்குச் சர்க்கரையும் உண்டு, முப்பது வருடமாகப் பூச்சிமருந்தும் அடிக்கிறேன். கால் மரத்துப்போவது மருந்தாலா, சர்க்கரையாலா?'

நியாயமான கேள்வி. சில வகைப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் கடுமையான நஞ்சேற்றத்துக்குச் சில வாரங்கள் கழித்து நரம்பைப் பாதிப்பது உண்டு. மது, தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, தொழுநோய் எதனாலும் கால் மரத்துப்போகலாம். அதனால்தான் மருத்துவர் மற்ற காரணங்களையும் விசாரித்துவிட்டுச் சர்க்கரையால் வந்தது என்ற முடிவுக்கு வருவார். என்னென்ன மருந்து அடித்தீர்கள், எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் மருந்து டப்பாவின் லேபிளைக் கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். உணர்ச்சியில்லாத, நிறம் மங்கிய தேமல் உடம்பில் எங்காவது இருந்தால் அதையும் காட்டுங்கள்.

'போன உணர்ச்சி திரும்ப வருமா?'

பெரும்பாலும் வராது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் போகாமல் தடுக்கலாம், எரிச்சலுக்கு மாத்திரை உண்டு. உணர்ச்சியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி விற்கும் தைலம், காந்தச் செருப்பு, மசாஜ் மெஷின் வகையறாவுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல செருப்பு இரண்டு ஜோடி வாங்கலாம்.

'சேற்றில் செருப்புப் போட்டு எப்படி வேலை பார்ப்பது?'

முடியாதுதான். பூட்ஸ் போட்டால் சேற்றில் மாட்டிக்கொள்ளும். உணர்ச்சி குறைந்தவர் தொழி உழவு, நடவு, களையெடுப்பு போன்ற சேற்று வேலைகளை ஆளிடமோ இயந்திரத்திடமோ விட்டுவிடுவதே சரி. தண்ணீர் பாய்ச்ச, வரப்பு பார்க்க, கரும்புத் தோட்டத்துக்குள் போக, உரம் போட முழங்கால் பூட்ஸ் போடலாம். வெட்டிய கரும்புக் கட்டையும் சீமைக்கருவேல முள்ளும் ஹவாய் செருப்பைத் துளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊருக்குள் நடக்க எம்.சி.ஆர். செருப்பு நல்லது. நுண்துளை ரப்பரால் ஆனது, மெத்தென்று இருக்கும். வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளுக்காகப் பிராண்ட் காலத்தில் செய்து பார்த்த செருப்புதான் அது. பின்பக்கம் வார் உள்ளதாக வாங்குங்கள். ஆணி அடித்த செருப்பு வேண்டாம். கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பாருங்கள். போடும் முன் கையை விட்டுத் தடவுங்கள்; உள்ளே கல், முள், தேள் எதுவும் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும். காய்ப்பை பிளேடால் சீவுவது, கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவது இரண்டும் ஆபத்து.

'பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா?'

உணர்ச்சி சோதனையில் தேறாதவர்கள் வெறுங்காலோடு போகக் கூடாது. சித்திரைத் திருவிழா நேரத்து மதுரைத் தார் ரோடும், உச்சி வெயிலில் கோயில் பிராகாரக் கல்லும் அடுப்புக்குச் சமம். மற்றவர்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடும்போது, இவர் நிதானமாக நடந்து வருவார். மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளம் இருக்கும். சாமி கும்பிடக் காலை ஆறு மணிக்குப் போனால் போதும். பூக்குழி இறங்க நேர்ந்துகொண்டவர்கள் வேறு நேர்த்திக்கடனுக்கு மாற்றிக்கொள்ளலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எங்கே போய்ச் சோதிப்பது?

மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமே முதலில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பல கிராமங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் காலைப் பார்க்கச் சொல்லி நாமாகக் கேட்டால்தான் நடக்கிறது பல இடங்களில். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பாதத்தைச் சோதிப்பதற்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கிறது. புண் இருந்தால், அல்லது உணர்ச்சி அறவே இல்லை என்று தெரிந்தால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நீரிழிவு நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைக்கு விழித்திரை பார்க்கப் போகிறவர்கள், அதே மாதத்தில் காலையும் காட்டிவிடலாம். விழித்திரையின் சிறு ரத்தக் குழாய்களைக் கெடுக்கும் சர்க்கரைதான் நரம்புக்குப் போகும் குழாய்களையும் கெடுக்கிறது; ஒன்று இருந்தால் மற்றதையும் தேட வேண்டும்.

போகும்போது "டாக்டர், என் காலைப் பாருங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

மேலூர்க்காரர் மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும் துணைக்கு இருந்தவர் அவருடைய தம்பி. 51 வயது. அவருக்கும் நான்கு வருடமாகச் சர்க்கரை. கட்டுப் பிரித்துக் கட்ட வந்த நர்ஸ் ஒருநாள், "அண்ணனுக்கு இருக்குன்னா உங்களுக்கும் பார்த்துடுவோம், கண்ணை மூடுங்க" என்று பெஞ்சில் உட்காரவைத்து இழையை எடுத்தார். எட்டு இடத்தில் இரண்டு தெரியவில்லை.

"எனக்குக் கால்ல வலியே கிடையாதும்மா" என்றாராம் அவரும்.

இப்போது பின்வார் வைத்த செருப்போடுதான் வயலுக்குப் போகிறார். சேற்று வேலைக்கு ஆள் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டால், ஏழாவது படிக்கிற மகள் வந்து ஆறு விரலையும் தொட்டுப் பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறாள்.